வேரைப் பாருங்கள், பூவை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரத்தில் ஒட்டியிருந்த ஆர்க்கிட் செடியைப் பிய்த்துக்கொண்டு வந்து, செம்மண்ணும் தொழுவுரமும் போட்டுத் தொட்டியில் நட்டேன். மூன்று வாரமாகத் தினமும் தண்ணீர் ஊற்றியும் இலைகள் சுருங்குகின்றன. அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. பிழைக்குமா? (காட்பாடி)

பதில்: பிழைக்கலாம், இன்றே தொட்டியிலிருந்து எடுத்தால். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது வாண்டா டெசலாட்டா என்ற ஆர்க்கிட். ஜவ்வாது மலையடிவாரத்து மரங்களில் வளரும் நம்மூர்ச் செடி. மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர்விடுவது அதன் பிறவிக்குணம். மண்ணுக்குள் அந்த வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. வேர் போனதால் இலைக்குத் தண்ணீர் ஏறவில்லை. நீங்களோ தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றியிருக்கிறீர்கள். நானும் முதல் செடியைத் தேங்காய் நார்க்கழிவில் புதைத்து இப்படித்தான் கொன்றேன்.

மண்ணைக் கழுவிவிட்டு ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. மேலுறை நழுவிக் கையோடு வந்து, உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். பிளேடை நெருப்பில் காட்டி, செத்ததை மட்டும் நறுக்குங்கள். வெட்டுவாயில் மட்டும் சமையல் பட்டையைத் தூளாக்கித் தொட்டு வையுங்கள். நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும். ஒருநாள் நிழலில் தண்ணீரில்லாமல் கிடக்கட்டும். பிறகு ஒரு மரத்துண்டில் பழைய பருத்தித் துணிக் கீற்றால் ஆடாமல் கட்டித் தொங்கவிடுங்கள். ஆடினால் புதுவேர் பற்றாது.

காலையில் தெளித்தால் வெள்ளை வேர் பச்சையாக மாறும். அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். மாலைக்குள் மறுபடி வெளுத்துவிட வேண்டும். இலைக்கூட்டின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் பஞ்சினால் ஒற்றி எடுங்கள்; குருத்து அழுகினால் வளர்ச்சி நின்றுவிடும். சுருங்கிய இலை பழையபடி முழுதாக நிமிராது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பச்சை நுனியோடு ஒரு புதுவேர் எட்டிப்பார்க்கிறதா என்று கவனியுங்கள். அதற்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை உரம் வேண்டாம். வேர் வந்த பிறகு, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளித்தால் போதும்.

அடுத்த முறை, பிய்க்காமல் கிளையோடு அறுத்து எடுங்கள். பாதி வைத்தியம் மிச்சம்.

கேள்வி: வேர் நுனி கருகுகிறது. இலையில் வெள்ளைப் படலம். போர் தண்ணீர்தான் தெளிக்கிறேன். (ஆம்பூர்)

பதில்: படலம் உப்பு. நுனி கருகுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மழைநீரைப் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் குடிக்கச் சுத்திகரித்த தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்கக்கூடாது என்று செடிக்கு ஊற்றும் நல்ல பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆர்க்கிடுக்கு மட்டும் வேண்டாம். உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான்.

கேள்வி: அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடியில் வைக்கலாமா? (வேலூர் சத்துவாச்சாரி)

பதில்: நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், சூடேறிய கைப்பிடிச் சுவரோரம் வைத்தால் நலிந்த செடி வெந்துவிடும். கிழக்குப் பார்த்த இடத்தில், புங்க மரத்து நிழலில் தொங்கட்டும். மாடிதான் வழி என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். அதற்காக இருட்டறைக்கும் கொண்டுபோகாதீர்கள். இலை கரும்பச்சையாகிவிட்டால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள்.

கேள்வி: என் மாமரத்தில் இருக்கும் இந்தப் புல்லுருவியை வெட்டிவிடலாமா? (குடியாத்தம்)

பதில்: படத்தில் இருப்பது புல்லுருவி அல்ல, ஆர்க்கிட். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் பட்டையின் மேல் குடியிருக்கும், அவ்வளவுதான். விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஏலகிரிக்குப் போனபோது வழியில் ஒருவர் காட்டு ஆர்க்கிட்களைக் கூடையில் விற்றார். வாடிக் கிடந்தன. வாங்கி வந்து காப்பாற்றலாமா? (திருப்பத்தூர்)

பதில்: கூடாது. நீங்கள் கொடுக்கும் காசு அடுத்த கூடைக்கு முன்பணம். காப்புக்காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். விதையோ தூசு மாதிரி, சேமித்த சத்து எதுவும் கிடையாது. காட்டில் உரிய பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். பூக்கும் அளவுக்கு வளரப் பல வருடம் பிடிக்கும். விழுந்த மரத்தில் கிடப்பதை எடுப்பது வேறு, நிற்கும் மரத்திலிருந்து பிடுங்கியதை வாங்குவது வேறு. முந்தையதற்கும் வனத்துறையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: போன வருடம் மீட்ட செடியில் இரண்டே வேர்தான். ஆனால் பூங்கொத்துக் குச்சி வந்துவிட்டது! (ஆரணி)

பதில்: மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். குச்சியைக் கிள்ளிவிடுங்கள். இரண்டு வேர் சேர்த்த சத்தைப் பூ தின்றுவிடும். மனம் வரவில்லையென்றால், முதல் பூ விரிந்ததும் வெயில் ஏறிய நேரத்தில் ஒருமுறை மணம் பார்த்துவிட்டுக் கிள்ளுங்கள்.