மூக்கில் வைரஸ் இருந்தால் காய்ச்சலுக்கு அதுதான் காரணமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. மூன்று நாட்களாகச் சளி, இருமல், காய்ச்சல். மூக்கிலிருந்து எடுத்த பிசிஆர் பரிசோதனையில் ரைனோ வைரஸ் இருப்பதாக வந்திருக்கிறது. ரத்தத்தில் சிஆர்பி 38. ஒரு மருத்துவர் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்கிறார், இன்னொருவர் கொடுக்கலாம் என்கிறார். வைரஸ்தானா என்று உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை உண்டா?

பதில்: பிசிஆர் கிருமியைத் தேடுகிறது, உடல் அந்தக் கிருமியோடு போராடுகிறதா என்று அதற்குத் தெரியாது. நன்றாக ஓடி விளையாடும் குழந்தைகளின் மூக்கிலும் ரைனோ வைரஸ் இருப்பதுண்டு. போன சளியின் மிச்சமாகவும் இருக்கலாம்.

சிஆர்பி கல்லீரல் சுரக்கும் புரதம். அழற்சி தொடங்கிச் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாட்களில் உச்சம் தொடும். பாக்டீரியா தொற்றில் மிக அதிகமாகும் என்பது உண்மை. ஆனால் அடினோ வைரஸும் அதை நன்றாகவே உயர்த்திவிடும். 38 என்பது இரு பக்கமும் சாயக்கூடிய எண். (அலகையும் பாருங்கள்: லிட்டருக்கு 38 மில்லிகிராம் என்பதைச் சில ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு 3.8 என்று எழுதும்.)

நீங்கள் கேட்கும் பரிசோதனைக்கு மிக அருகில் வருவது எம்எக்ஸ்ஏ என்ற புரதம். வைரஸ் நுழைந்ததும் உடல் அதை எதிர்க்க இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் ரத்த வெள்ளணுக்களில் எம்எக்ஸ்ஏ உருவாகிறது. பின்லாந்தின் துர்க்கு நகரில் சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், அறிகுறியோடு வைரஸ் தொற்று இருந்தவர்களிடம் இது தெளிவாக உயர்ந்திருந்தது. அறிகுறி இல்லாமல் ரைனோ வைரஸை மட்டும் சுமந்த குழந்தைகளிடம் அவ்வளவு உயரவில்லை. பிசிஆர் பிரித்துச் சொல்ல முடியாத இடம் இதுதான். அதனால் இந்தப் பரிசோதனை மீது எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. ரத்தத்தில் உள்ள டிரெயில், ஐபி-10, சிஆர்பி ஆகிய மூன்று புரதங்களையும் சேர்த்து அளக்கும் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்காவில் 2021-இல் அனுமதி கிடைத்தது. டிரெயில் வைரஸ் தொற்றில் ஏறும், பாக்டீரியா தொற்றில் இறங்கும். அதுதான் அதன் பலம்.

ஆனாலும் எம்எக்ஸ்ஏ உயர்ந்திருப்பது பாக்டீரியா இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஃப்ளூவுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியா வருவதை நாங்கள் பார்க்கத்தானே செய்கிறோம். தட்டம்மைத் தடுப்பூசி போன்ற உயிருள்ள வைரஸ் கொண்ட ஊசி போட்ட பிறகும் அது உயரலாம்.

ஆகவே 38 என்ற எண்ணை மட்டும் வைத்து ஆன்டிபயாட்டிக் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தையை நேரில் பார்த்து, மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து, காதையும் தொண்டையையும் சோதித்த மருத்துவரின் முடிவுக்கே எடை அதிகம். வேண்டாம் என்றவர் அப்படிப் பார்த்துச் சொல்லியிருந்தால் அவர் சொற்படி நடங்கள்.

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே மார்பு குழிந்தால், தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தால், சிறுநீர் வெகுவாகக் குறைந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சல் ஐந்து நாட்களைத் தாண்டினாலும், விட்டுப் போய்த் திரும்ப வந்தாலும் மறுபடி காட்டுங்கள்.