கிழங்குப் பூச்செடிகளுக்கு உரம் எப்போது தேவை?

கேள்வி: கண்ணாடிக் குவளையில் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்த ஹயசிந்த் கிழங்கு அழகாகப் பூத்தது. பூ வாடியதும் அதை மண்ணில் நட்டேன். அடுத்த பருவத்தில் மொட்டை எதிர்பார்த்து உரமும் இட்டேன். ஆனால் இலைகள் மட்டுமே வந்தன. காரணம் என்ன?

பதில்: வெறும் தண்ணீரிலேயே பூத்தது என்பதில் பாதி விடை இருக்கிறது. ஹயசிந்த், துலிப், நார்சிஸஸ் ஆகியவற்றின் கிழங்கில், நடவுக்கு முன்பே பூமொட்டு உருவாகிவிடுகிறது; அதை வளர்த்து மலர வைப்பதற்கு வேண்டிய மாவுச்சத்தும், தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) ஆகியவற்றின் பெரும்பகுதியும் கிழங்கின் தடித்த செதில்களில் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. உங்கள் கிழங்கு அந்தச் சேமிப்பை எல்லாம் தண்ணீரில் இருந்தபோதே செலவழித்துவிட்டது. குறிப்பிட்ட பருமனை எட்டாத கிழங்கில் மொட்டு உருவாகாது என்பதால், பிறகு இட்ட உரம் அந்தப் பருவத்தில் பூவாக மாற வழியில்லை.

இவ்வகைச் செடிகளுக்கு இடும் உரம் பெரும்பாலும் அடுத்த பருவத்துக்கானது. முளை மண்ணைவிட்டு வெளிவரும்போது சிறிதளவு இடுங்கள். பூ வாடியபின், இலை பச்சையாக உள்ளவரை, நீர்த்த உரத்தைத் தொடருங்கள். வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் விதைக்குப் போகும் உணவு மிச்சமாகும். இலையைமட்டும் தானாக மஞ்சளாகும் முன் வெட்டாதீர்கள். பார்வைக்கு நன்றாக இராது என்று பலர் வெட்டுவதால்தான் கிழங்குகள் ஆண்டுக்காண்டு சிறுத்துப்போகின்றன. இலை பழுக்கும்போது அதிலுள்ள தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் ஆகியவை கிழங்குக்குத் திரும்பிச் செல்கின்றன. அதற்காகத் தழைச்சத்தை அள்ளி இட வேண்டாம். மிகுதியானால் இலை கொழுத்து, கிழங்கு எளிதில் அழுகும்.

கேள்வி: துலிப் பூந்தண்டு மலரும் தறுவாயில், நீர் கோத்ததுபோல் ஓரிடத்தில் கண்ணாடியாகி, அங்கேயே மடிந்து விழுகிறது. நோயா?

பதில்: நோயன்று, சுண்ணாம்புச் சத்துக் (கால்சியம்) குறைபாடு. மேலே சொன்ன சேமிப்புக் கணக்கு இந்தச் சத்துக்குப் பொருந்தாது. கிழங்கில் அது குறைவாகவே உள்ளது. ஓரிடத்தில் படிந்தபின் வேறிடத்துக்கு நகர்வதும் இல்லை. எனவே விரைந்து நீளும் தண்டுக்கு வேண்டியதை, வேர்தான் அவ்வப்போது நீரோடு உறிஞ்சி அனுப்ப வேண்டும். காற்று அசையாமல் ஈரப்பதம் மிகுந்திருந்தால், நீராவிப்போக்கு (இலைவழியே நீர் ஆவியாவது) குறைந்து, மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் தண்டுக்குப் போதிய அளவு ஏறாது. அம்மோனியம், சாம்பல் சத்து ஆகியவை அதிகமானாலும் அவை உறிஞ்சுதலில் போட்டியிடும்.

ஆகவே முதலில் காற்றோட்டத்தையும் வேரின் நலத்தையும் கவனியுங்கள். வெப்பத்தைக் கூட்டி வளர்ச்சியை அவசரப்படுத்தாதீர்கள். அத்துடன், லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, வாரம் ஒருமுறை வேரில் ஊற்றலாம். ஓரியண்டல் லில்லிகளில் மொட்டை ஒட்டிய இளம் இலைகள் கருகுவதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: நடும் குழியில் எலும்புத்தூளோ சூப்பர் பாஸ்பேட்டோ இடுவது நல்லதா?

பதில்: இவை இரண்டும் மணிச்சத்து தரும் உரங்கள். மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது; துலிப், ஹயசிந்த் வேர்களோ கிளைகளும் வேர்த்தூவிகளும் (வேரிலுள்ள நுண்ணிய மயிர்கள்) இல்லாதவை. அதனால் மேலே தூவுவதைவிட, வேர் ஓடும் ஆழத்தில், கிழங்கைத் தொடாதபடி மண்ணோடு கலப்பதே பயன் தரும். எலும்புத்தூள் அமில மண்ணில் மெதுவாகக் கரையும். கார மண்ணில் பெரும்பாலும் கரையாமலே கிடக்கும். சூப்பர் பாஸ்பேட்டில் ஃபுளோரைடு இருப்பதால், அதனால் இலை கருகும் இயல்புள்ள லில்லிக்கும் கிளாடியோலஸுக்கும் அதைத் தவிர்க்கவும். மேலும், பல லில்லி வகைகள் கிழங்குக்கு மேலுள்ள தண்டிலிருந்தும் வேர் விட்டு உணவு எடுப்பதால், அவற்றைச் சற்று ஆழமாக நட்டு, பிறகு இடும் உரத்தை மேல்மண்ணிலேயே கலந்துவிடுங்கள்.