மகன் பக்கெட்டில் தங்கம் தேடுகிறான், என்ன சொல்வது?

அன்புள்ள அம்மா,

பள்ளிப் படிப்பு முடித்த மகன் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போட்டு, அமிலம் ஊற்றித் தங்கம் எடுக்கிறான், கல்லூரியே வேண்டாம் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அமிலத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நைட்ரிக் அமிலத்தில் உலோகம் கரையும்போது எழும் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அப்போதைக்கு வெறும் இருமல்தான் போலிருக்கும்; பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். மிஞ்சும் திரவத்தில் செம்பும் ஈயமும் இருக்கும், அதைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது.

சரி, அதற்காகப் பையனைத் திட்டாதீர்கள். சுரங்கத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கம் கிடைத்தாலே லாபம். செல்போன் குப்பையில் டன்னுக்கு அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. ஆனால் அந்த ஒரு டன்னைச் சேர்ப்பது யார்? டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பான் 2017 முதல் 2019 வரை நாடு முழுக்கத் திரட்டியது கிட்டத்தட்ட 79,000 டன் சாதனங்கள், அதோடு 62 லட்சம் செல்போன்கள். கிடைத்த தங்கம் சுமார் 32 கிலோ.

அவனையே ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குத் தங்க முலாம் இருந்தால், தங்கம் 2 மில்லிகிராம்கூடத் தேறாது. ஒரு கிராமுக்கு 500 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். பல சர்க்யூட் போர்டுகளில் முலாம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அமிலச் செலவை அடுத்த வரியில் எழுதட்டும்.

மின்னணுக் குப்பையிலிருந்து உலோகம் எடுக்கும் இந்தத் துறையில் எனக்குப் பிடித்த வேலை தங்கம் எடுப்பது அல்ல, மாற்றுப் பார்ப்பது, அதாவது எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சோதித்து அளப்பது. லாரி லாரியாக அரைத்த போர்டு வந்து இறங்கும்; அதில் எத்தனை கிராம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் விற்பவருக்குப் பணம். குவியலில் எங்கே அள்ளுவது, எப்படி அரைப்பது, உலையில் உருக்கி எப்படி அளப்பது, எல்லாமே படித்துப் பழக வேண்டியவை. என்னிடம் வந்த ஒரு மாணவன், கரைசலில் அடியில் தங்கிய பழுப்புச் சேற்றை அழுக்கு என்று நினைத்துக் கொட்டிவிட்டான். தங்கம் முதலில் விழும்போது அப்படித்தான் இருக்கும், மினுக்காது!

வேதியியல், உலோகவியல், வேதிப் பொறியியல் மூன்றும் இதற்குப் பொருந்தும். என்னைக் கேட்டால் உலோகவியல். விண்ணப்பிக்கிறவர்கள் குறைவு, சுரங்கம், உருக்காலை என்று வேறு கதவுகளும் உண்டு. ஆராய்ச்சியில் ஆர்வம் என்றால் வேதியியல்: 2024-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள இ.டி.ஹெச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பால்கட்டி செய்தபின் மிஞ்சும் தெளிநீரின் புரதத்தில் ஸ்பாஞ்ச் செய்து, 20 மதர்போர்டுகளிலிருந்து 450 மில்லிகிராம் தங்கக் கட்டி எடுத்தார்கள். சுமார் 22 காரட். எந்தக் கல்லூரியானாலும், மாணவர்கள் கையால் தொட்டுச் செய்யும் ஆய்வகம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அப்புறம், அவன் சேர்த்த போர்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ரகம் பிரித்து, உரிமம் உள்ள மறுசுழற்சி நிறுவனத்தில் எடை போட்டுக் கொடுக்கட்டும். எந்த ரகத்துக்கு என்ன விலை சொல்கிறார்கள், ஏன் என்று பக்கத்தில் நின்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்த நோட்டோடு அவனை என்னிடம் அனுப்புங்கள்.