எண்ணும் முறை – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

குழுக்கள் முடிவெடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் டங்கன் பிளாக் என்ற பொருளியலாளரின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்து போனது. நான் முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். வாக்களிப்பு முறைகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்று ஆசை. என் நெறியாளர் தடுக்கிறார். “பொருளியலாளர் கென்னத் அரோ 1951-லேயே அந்தத் துறையை முடித்துவிட்டார். குறையில்லாத வாக்களிப்பு முறை இருக்க முடியாது என்று நிரூபித்தாகிவிட்டது. முடிந்துபோன விஷயத்தில் ஆயுளைச் செலவழிக்காதே” என்கிறார். வீட்டிலோ, வங்கி வேலைக்குப் போனால் என்ன என்கிறார்கள். ஒரு பொருளியலாளர் தன் வாழ்நாள் முழுவதையும் கொடுக்கும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? டங்கன் பிளாக் என்ன செய்தார்? சற்று விரிவாக எழுத முடியுமா?

ஒரு மாணவி
(பெயரை வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

இந்தக் கேள்வி எனக்குள் எப்படி நுழைந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பரிசுக் குழுவில் மூன்று நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். கடைசிச் சுற்றுக்கு ஒரு நாவல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு கவிதை நூல் ஆகிய மூன்றும் வந்தன. என் வரிசை நாவல், சிறுகதை, கவிதை. இரண்டாமவருக்குச் சிறுகதை, கவிதை, நாவல். மூன்றாமவருக்குக் கவிதை, நாவல், சிறுகதை. குழுவின் தலைவர் நல்ல மனிதர். “முதலில் நாவலா சிறுகதையா என்று பார்ப்போம். வெல்வதைக் கவிதையோடு வைப்போம்” என்றார். யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை. நாவல் இரண்டுக்கு ஒன்று என்று சிறுகதையை வென்றது. பிறகு கவிதை இரண்டுக்கு ஒன்று என்று நாவலை வென்றது. கைகுலுக்கிவிட்டுக் கலைந்தோம்.

அன்றிரவு தூக்கம் வராமல் ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன். தோற்று வெளியேறிய சிறுகதைத் தொகுப்பைக் கவிதை நூலோடு நேரடியாக நிறுத்தியிருந்தால், இரண்டுக்கு ஒன்று என்று சிறுகதைதான் வென்றிருக்கும். முதலில் கவிதையையும் சிறுகதையையும் மோதவிட்டிருந்தால் கடைசியில் நாவல் வென்றிருக்கும். முதலில் நாவலையும் கவிதையையும் மோதவிட்டிருந்தால் சிறுகதை வென்றிருக்கும். எந்த நூல் கடைசியாகக் களத்துக்கு வருகிறதோ அதற்குத்தான் பரிசு. மூவரும் மனசாட்சிப்படி வாக்களித்தோம், பெரும்பான்மைப்படி முடிவெடுத்தோம். ஆனாலும் பரிசை நிர்ணயித்தது தலைவர் யோசிக்காமல் சொன்ன அந்த வரிசை. அந்தச் சிறுகதையாசிரியரைப் பிறகு எங்கே பார்த்தாலும் எனக்கு மனம் கனத்துப்போகும்.

இதற்கு வாக்குச் சுழல் என்று ஒரு பெயர் இருக்கிறது, ஒருவர் இதற்காகவே வாழ்ந்திருக்கிறார் என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

டங்கன் பிளாக் 1908-இல் ஸ்காட்லாந்தின் மதர்வெல் என்ற தொழில் நகரில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் முதலில் கணிதமும் இயற்பியலும் படித்தார், பிறகு பொருளியலுக்கும் அரசியலுக்கும் வந்தார். 1932-இல் டண்டீ நகரின் பொருளியல் பள்ளியில் ஆசிரியரானார். அங்கே உடன் பணியாற்றிய இளைஞர் ரொனால்ட் கோஸ், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். ஒரு நிறுவனம் ஏன் உருவாகிறது என்ற கேள்வியைக் கோஸ் அப்போது மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். சந்தையில் விலை ஒரு சமநிலைக்கு வருவதைப் பொருளியல் விளக்குகிறதே, அதுபோல ஒரு குழுவின் முடிவு எங்கே வந்து நிற்கும் என்பதை விளக்க ஓர் அறிவியல் முடியுமா என்ற கேள்வி பிளாக்கைப் பிடித்துக்கொண்டது. ஊருக்கு எழுதிய முதல் புத்தகம் என்னவோ வருமான வரியைப் பற்றியதுதான். வேல்ஸ் நாட்டின் பேங்கர் நகரக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, உள்ளுக்குள் இந்தக் கேள்வியை ஆண்டுக்கணக்கில் சுமந்தார்.

1942 பிப்ரவரி. போர்க்காலம். விமானத் தாக்குதலில் தீப்பிடித்தால் கவனிப்பதற்கான இரவுக் காவல் பணியில், வார்விக் கோட்டையின் பச்சை வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் ஏதோ உந்துதலில் ஒரு படம் வரைகிறார். அந்தப் படத்தில் விடை இருந்தது.

அந்தப் படத்தைச் சொல்லால் காட்ட முயல்கிறேன். ஒரு நூலகத்தை இரவு எத்தனை மணிக்கு மூடுவது என்று ஐந்து பேர் முடிவு செய்ய வேண்டும். ஒருவருக்கு 6 மணி பிடிக்கும், அடுத்தடுத்தவர்களுக்கு 7, 8, 9, 10. ஒவ்வொருவருக்கும் தனக்குப் பிடித்த நேரத்திலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் விருப்பம் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கோடாக வரைந்தால் ஒரே ஓர் உச்சி இருக்கும், இரண்டு பக்கமும் சரிவுதான். இப்போது 8 மணியை 9 மணியோடு நிறுத்துங்கள். 6, 7, 8 மணிக்காரர்கள் மூவரும் 8-க்கே கை தூக்குவார்கள். 7 மணியோடு நிறுத்தினால் 8, 9, 10 மணிக்காரர்கள் கை தூக்குவார்கள். யார் எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் நடுவில் இருப்பவரின் விருப்பம் தோற்காது. எந்த வரிசையில் வாக்கெடுத்தாலும் அதுவேதான் நிற்கும். நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த இடைநிலை அளவு, ஒரு குழுவின் சமநிலைப் புள்ளியாக எழுந்து நிற்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. 10 மணிக்காரர் பிடிவாதமாக “நள்ளிரவு 12 வரை திறந்திருக்க வேண்டும்” என்று கூட்டிச் சொன்னாலும் முடிவு அசையாது, 8 மணிதான். சராசரியை எடுத்திருந்தால் அவருடைய மிகைப்படுத்தல் முடிவைத் தன் பக்கம் இழுத்திருக்கும். கத்திப் பேசுகிறவருக்குக் கூடுதல் பலன் தராத ஒரு முறை! குழுக்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பிளாக் அதோடு நின்றிருந்தால் ஓர் அழகான தேற்றத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியோடு நின்றிருப்பார். விருப்பங்கள் அப்படி ஒற்றை உச்சியோடு அமையாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். என் பரிசுக் குழுவில் நேர்ந்ததுதான் அவருக்கும் கிடைத்தது. முதலாவது இரண்டாவதை வெல்கிறது, இரண்டாவது மூன்றாவதை வெல்கிறது, மூன்றாவது முதலாவதை வெல்கிறது. கணக்கில்தான் பிழை என்று நினைத்துத் திரும்பப் பார்த்தார். பிழையில்லை என்று உறுதியானபோது வயிற்றைப் புரட்டுவது போலிருந்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒரு கணக்கு தன் உடலை உலுக்கும் அளவுக்கு ஒரு கேள்வியோடு வாழ்ந்த மனிதர் அவர். எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதை இந்த ஒரு வரியிலிருந்து தொடங்கியது.

1948-இல் அவருடைய முதல் கட்டுரைகள் வெளிவந்தன. பிறகு ஆர். ஏ. நியூயிங் என்ற கணிதவியலாளரோடு சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதி, 1949-இல் பெரிய ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். ஒன்றரை ஆண்டு கழித்துப் பதில் வந்தது. அதற்குள் அரோவின் நூல் வெளியாகியிருந்தது. அந்த நூலோடு உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினால் வெளியிடலாம் என்றார்கள். தான் முன்னமே எழுதி அனுப்பியதை, பின்னால் வந்த ஒன்றின் நிழலில் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று பிளாக்குக்குப் பட்டது. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு 1951-இல் சிறு நூலாக வெளியிட்டார். அதை அதிகம் பேர் படிக்கவில்லை.

உங்கள் நெறியாளர் சொன்ன அரோவுக்கு வருகிறேன். அரோ நிரூபித்தது இதுதான். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தெரிவுகள் இருக்கின்றன. மக்கள் எந்த வரிசையில் வேண்டுமானாலும் விரும்பலாம். எல்லோரும் ஒன்றை இன்னொன்றைவிட விரும்பினால் குழுவும் அப்படியே விரும்ப வேண்டும். இரண்டு தெரிவுகளை ஒப்பிடும்போது மூன்றாவதைப் பற்றிய கருத்து குறுக்கிடக் கூடாது. குழுவின் வரிசை முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்க வேண்டும். இத்தனையையும் ஒருசேர நிறைவேற்றும் முறை ஒன்றுதான் உண்டு, அது ஒரே ஒருவரின் விருப்பத்தை எல்லோர் தலையிலும் கட்டுவது. மிகப் பெரிய தேற்றம் இது, அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை.

ஆனால் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் படியுங்கள். “எந்த வரிசையில் வேண்டுமானாலும் விரும்பலாம்” என்று ஒன்று இருக்கிறது அல்லவா? பிளாக்கின் நூலகக் குழுவில் அந்த நிபந்தனை இல்லை. அங்கே விருப்பங்களுக்கு ஒரு வடிவம் இருக்கிறது, அதனால் முரண் எழவில்லை. எங்கெல்லாம் விருப்பங்கள் வடிவத்தோடு இருக்கின்றன, எங்கே இல்லை, பொது விவாதம் அந்த வடிவத்தை உண்டாக்குகிறதா, கலைக்கிறதா? இந்தக் கேள்விகளை அரோ மூடவில்லை, திறந்துவைத்தார். 1950-களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் மாணவராக இருந்த அமர்த்திய சென், தன் நண்பர் சுகமய் சக்ரவர்த்தி சொல்லி அரோவின் நூலைப் படித்தார். இங்கிலாந்து போனதும் ஆசிரியர்கள் அவரை அந்தத் துறையிலிருந்து விலக்கப் பார்த்தார்கள்.  அவர் வேறொரு தலைப்பில் முனைவர் பட்டம் வாங்கினார், ஆனால் இந்தக் கேள்வியை விடவில்லை. 1966-இல் பிளாக்கின் ஒற்றை உச்சி நிபந்தனையை மேலும் விரித்தார். 1970-இல் சமூகத் தெரிவைப் பற்றி முழு நூலே எழுதினார்.

இவையெல்லாம் தாளில் நடக்கும் சங்கதிகள் என்று யாராவது சொன்னால், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் நகரம் 2009-இல் மேயரைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்லுங்கள். வாக்காளர்கள் வேட்பாளர்களை வரிசைப்படுத்தினார்கள். முதல் விருப்பங்களில் கர்ட் ரைட் 2951, பாப் கிஸ் 2585, ஆண்டி மாண்ட்ரோல் 2063. மற்றவர்கள் அதற்கும் கீழே. கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றும் முறை அது. கீழே இருந்தவர்களுக்குப் பிறகு மாண்ட்ரோலும் வெளியேறினார், கிஸ் 4313-க்கு 4061 என்று ரைட்டை வென்று மேயரானார். அதே வாக்குச்சீட்டுகளை இருவர் இருவராக நிறுத்தி எண்ணிப் பார்த்தால், மாண்ட்ரோல் கிஸ்ஸையும் வெல்கிறார், ரைட்டையும் வெல்கிறார். சீட்டுகள் அப்படியே இருக்க, ஒரு கணக்கில் வெற்றி ரைட்டுக்கு, இன்னொரு கணக்கில் கிஸ், மற்றொன்றில் மாண்ட்ரோல். அடுத்த ஆண்டே அந்த நகரம் வாக்கெடுத்து அந்த முறையைக் கைவிட்டது. எண்ணும் முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பதில் பாதியைச் செய்துவிட்டார்கள். இதைப் படிக்க ஆள் வேண்டாமா?

பிளாக்கின் வாழ்க்கையில் இன்னொரு பகுதி இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நெகிழ்கிறது. தனக்கு முன்னால் இதை யாராவது யோசித்திருக்கிறார்களா என்று தேடப் புறப்பட்டார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன், 1785-இல் பிரெஞ்சு அறிஞர் காண்டர்செட் இதே சுழலைக் கண்டிருந்தார். பலரும் மறந்துபோன அந்தக் கடினமான பக்கங்களைப் பிளாக் பொறுமையாகப் படித்து விளக்கினார். பிறகு ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த சார்லஸ் டாட்ஜ்சன் 1873, 1874, 1876 ஆகிய ஆண்டுகளில் அச்சிட்டுக் கொடுத்த சிறு வெளியீடுகள் அவர் கைக்கு வந்தன. குழந்தைகளுக்கு ஆலிஸ் கதை சொன்ன லூயிஸ் கரோல்தான் அந்த டாட்ஜ்சன். கல்லூரிக் கூட்டங்களில் வாக்கெடுக்கும் முறை நியாயமாக இல்லை என்று மனம் புழுங்கி, தனியாக உட்கார்ந்து, அவரும் சுழலைக் கண்டிருக்கிறார். ஒருவரை ஒருவர் அறியாமல் மூவர், பல பத்தாண்டு இடைவெளிகளில், ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பிளாக் 1958-இல் வெளியிட்ட பெரிய நூலில் தன் கோட்பாட்டை எழுதியதோடு, டாட்ஜ்சனின் அந்த வெளியீடுகளையும் பின்னிணைப்பாக அச்சிட்டார். முன்னோடி தான்தான் என்று நிலைநாட்ட ஏங்கியவர், தனக்கு முன்னால் வந்தவர்களைத் தானே தேடிப்பிடித்து முன்னால் நிறுத்தினார்.

ஓய்வுக்குப் பிறகும் டாட்ஜ்சனின் விகிதாசாரப் பிரதிநிதித்துவ எழுத்துகளைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். 1991 ஜனவரியில் இறந்தார், அந்த நூல் முடியவில்லை. அவர் விட்டுச்சென்ற தாள்களைத் தொகுத்து மற்றவர்கள் 1996-இல் வெளியிட்டார்கள். டண்டீ நண்பர் கோஸுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் 1991-இல்தான், சில மாதங்கள் கழித்து.

இன்று இந்தத் துறையில் என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். டாட்ஜ்சன் சொன்ன முறையில் வெற்றியாளரைக் கண்டுபிடிப்பது கணினிக்கே மிகக் கடினமான கணக்கு என்று 1989-இல் நிரூபித்தார்கள், அதிலிருந்து ஒரு தனிக் கிளையே வளர்ந்திருக்கிறது. நகரத்தின் பணத்தை எந்தத் திட்டத்துக்குச் செலவிடுவது என்று குடிமக்களே வாக்களிக்கும் முறை 1989-இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரியில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. சிறுபான்மையினரின் வாக்குக்கும் அதற்குரிய பங்கு கிடைக்குமாறு அந்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்த சமபங்கு முறையைப் போலந்தின் வியலிச்கா நகரம் 2023-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆய்வுத் தாளிலிருந்து நகராட்சிக்கு வந்து சேரச் சில ஆண்டுகளே ஆயின.

வங்கி வேலையைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், அது உங்கள் வீட்டுச் சூழலைப் பொறுத்தது. நெறியாளரோடு சண்டை போடவும் வேண்டாம். அரோவின் நிபந்தனைகளில் எதைத் தளர்த்தி ஆராயப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள், நல்ல ஆசிரியர் என்றால் படித்துவிட்டு மறுபடி பேசுவார். பிளாக்கின் 1958 நூலின் முதல் பகுதியைப் பென்சிலோடு படியுங்கள். அதில் பெரிய கணிதம் கிடையாது, கோடுகளும் பொறுமையும்தான்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் துறையிலோ விடுதியிலோ மூன்று தெரிவுகளுக்கு வாக்கெடுக்கும் கூட்டம் அடுத்து எப்போது வருகிறதோ, அன்று ஒவ்வொருவரின் முழு வரிசையையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தலைவர் எந்த இரண்டை முதலில் மோதவிட்டார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பி மற்ற இரண்டு வரிசைகளிலும் எண்ணிப் பாருங்கள். அந்தத் தாளை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.