நான்கு டியூப்பில் ஒரு பாரிமுனை

நகரக் காட்சியை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட எத்தனை நிறம் வேண்டும்? கடைக்காரர் 24 நிறப் பெட்டியைக் காட்டுகிறார்.

பெட்டியை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), டைட்டானியம் வெள்ளை போதும். வெள்ளையை மட்டும் பெரிய டியூப்பாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும். கறுப்பு வேண்டாம். நீலத்தையும் சியன்னாவையும் சரிபாதியாகக் குழைத்தால் கறுப்புக்கு நிகரான இருட்டு கிடைக்கும். நீலம் கூடினால் மழைமேகம், சியன்னா கூடினால் கடைவாசல் நிழல்.

சுவீடன் ஓவியர் ஆன்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரில் வழங்கும் நால்வண்ணத்தில் நீலமே கிடையாது. ஓக்கர், வெர்மிலியன் என்னும் பளீர்ச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை அவ்வளவுதான். வெப்ப நிறங்களின் பக்கத்தில் வைத்தால் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த சாம்பலே நீலமாகத் தெரியும். முகம் தீட்ட அருமையான கூட்டு. சென்னை வானத்துக்கு எனக்கு அது போதவில்லை.

உயர் நீதிமன்றக் கட்டடத்தின் சிவப்பு வரவே மாட்டேன் என்கிறது. சிவப்பு டியூப் வாங்கிவிடட்டுமா?

நானும் வாங்கியவன்தான். என்.எஸ்.சி. போஸ் சாலையின் எதிர் நடைபாதையில் ஈசலை (படம் தாங்கும் சட்டத்தை) நிறுத்தி, டியூப்பிலிருந்து பிதுக்கிய சிவப்பை அப்படியே பூசினேன். 1892-இல் திறந்த கட்டடம் நேற்று சுண்ணாம்பு அடித்த கல்யாண மண்டபம் போல இளித்தது. வழித்தெடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

அங்கே கண்ணில் படும் சிவப்பில் பாதி, வானம் கொடுத்த சிவப்பு. முதலில் வானத்தைச் சாம்பல் நீலமாகப் போடுங்கள்: நிறைய வெள்ளை, கொஞ்சம் நீலம், மினுக்கத்தை அடக்க ஊசிமுனை அளவு சியன்னா. அதன் ஓரத்தில் வெறும் சியன்னாவை ஒரு தீற்றல் வைத்துப் பாருங்கள், செங்கல் எழுந்து நிற்கும். மாலை வெயில் விழும் பக்கத்துக்குச் சியன்னாவோடு ஓக்கர், துளி வெள்ளை. வெள்ளை கூடினால் செங்கல் வெளிறி ரோஸ் நிறமாகிவிடும், ஜாக்கிரதை. நிழல் பக்கத்துக்குச் சியன்னாவில் நீலம். அந்த நிழலின் அடிப்பகுதியில், சாலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்காக, ஓக்கரை லேசாகத் தடவுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

கட்டடங்கள் சரியாக வருகின்றன. படம் மட்டும் என்ஜினீயர் வரைபடம் போல இருக்கிறது.

ஜன்னல்களை எண்ணி வரைகிறீர்கள் என்று நினைக்கிறேன். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பத்து ஜன்னல் சேர்ந்து ஒரே நிழல் திட்டாகிவிடும். அந்தத் திட்டை அகலத் தூரிகையால் ஒரே இழுப்பில் போடுங்கள். அதற்கு முன்பு தபால் அட்டை அளவுத் தாளில் கரித்துண்டால் வெளிச்சம், இடைநிலை, இருட்டு என்று மூன்றே சாயல்களில் காட்சியைப் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்காத படம் கான்வாஸிலும் நிற்காது.

மனிதர்களுக்கு முகம் வேண்டாம். பாரிஸின் கபுசின் வீதியை பிரெஞ்சு ஓவியர் மோனே 1873-இல் தீட்டியபோது கூட்டம் முழுவதையும் சின்னச் சின்னக் கரிய தீற்றல்களாகவே வைத்தார். மறு ஆண்டு கண்காட்சியில் விமர்சகர் ஒருவர் அதைக் கேலி செய்தார். கூட்டம் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நிறமெல்லாம் சேறாகிவிடுகிறது.

தூரிகையைத் துடைப்பதில்லை, அதுதான் காரணம். ஒவ்வொரு தீற்றலுக்கும் துடையுங்கள். ஈரத்தின்மேல் ஈரம் வைத்தால் ஒரு முறை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

பத்து நாளாகியும் காயவில்லை. மொட்டை மாடி வெயிலில் வைக்கலாமா?

வேண்டாம். எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. காற்றோட்டமான அறை போதும். சியன்னா சீக்கிரம் காயும், டைட்டானியம் வெள்ளை இழுத்தடிக்கும். முதல் பூச்சை டர்பன்டைன் கலந்து மெல்லியதாகப் போடுங்கள், எண்ணெய் மிகுந்த பூச்சு மேலே வரட்டும். மாற்றிச் செய்தால் பின்னால் பூச்சில் வெடிப்பு விழும்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.