குயில்டின் (இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) வெற்றிடத்தில் என்ன தைப்பது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஒவ்வொரு கட்டத்திலும் தாமரை ஒட்டியிருக்கிறேன். சுற்றிவர வெறும் வெள்ளைத் துணி. என்ன வடிவம் பொருந்தும்? (சுன்னாகம்)

பதில்: தாமரை முழுக்க வளைவு, ஆகவே சுற்றிவர நேர்கோடுதான் எடுக்கும். இதழ் ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு வரி. அதற்கு வெளியே ஓர் அங்குல இடைவெளியில் சரிவுக் கட்டம். கட்டக் கோடு பூவின் மேல் ஏறக்கூடாது. ஓரத்தில் நின்று, மறுபக்கம் அதே நேரில் தொடர வேண்டும். வெள்ளை நூலே போதும்.

கேள்வி: பூச்சீத்தையில் இறகு வடிவம் தைக்கலாமா? (நல்லூர்)

பதில்: தைக்கலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் உழைப்பை அந்தப் பூக்களே விழுங்கிவிடும். நெளிகோடு போட்டு முடியுங்கள்.

கேள்வி: எவ்வளவு இடத்தைத் தைக்காமல் விடலாம்? (பருத்தித்துறை)

பதில்: உள்ளே என்ன பஞ்சு என்று எழுதாமல் கேட்டால் நான் சாத்திரமா பார்ப்பது? பொதியில் அச்சிட்டிருக்கும்: சிலவற்றுக்கு நாலு அங்குலம், சிலவற்றுக்கு எட்டு, பத்து. மீறினால் தோய்க்கத் தோய்க்கப் பஞ்சு விலகிக் கட்டியாகும். பொதியை எறிந்துவிட்டீர்கள் என்றால் நாலுக்குள் தையுங்கள்.

கேள்வி: பிள்ளையின் கட்டில் போர்வைக்கு, ஒரு படத்தைப் பார்த்து, நடுவில் கூழாங்கல் வடிவத்தை (ஒட்டி ஒட்டி வரும் சிறு வட்டங்கள்) நெருக்கித் தைத்தேன், கரையில் தைக்கவில்லை. இப்போது கரை அலையலையாக நிற்கிறது. மினுக்கினால் சரிவருமா? (சாவகச்சேரி)

பதில்: வராது. இதை எத்தனை தரம் எழுதினாலும் யாரும் கேட்பதாயில்லை. தையல் விழுந்த இடம் சுருங்கும். நெருங்க விழுந்தால் இன்னும் சுருங்கும். தைக்காத கரையோ பழைய நீளத்திலேயே நிற்கும். மிஞ்சிய துணி எங்கே போகும்? படத்தில் கண்ட கூழாங்கல் அழகுதான், ஆனால் அது சுவரில் தொங்குவதற்குத் தைத்தது; உங்களுடையது பிள்ளை போர்த்துப் படுப்பதற்கு. அரை அங்குலக் கல்லாகக் கட்டில் அளவை நிரப்பினால் நூலும் தீர்ந்து, துணியும் பனைமட்டையாக விறைத்துவிடும். வடிவத்தைத் தெரிவுசெய்யும்போதே, இதே நெருக்கத்தைக் கரைவரை கொண்டுபோக முடியுமா என்று உங்களையே கேளுங்கள். முடியாதென்றால் பெரிய வடிவமாக எடுங்கள். இனிச் செய்யக்கூடியது, கரையிலும் அரை அங்குல இடைவெளியில் நேர்கோடு தைப்பது. சின்ன அலை அடங்கும். பெரிய அலைக்குத் தையலைப் பிரிக்கத்தான் வேண்டும். எதையும் முதலில் வெட்டுத் துண்டில், மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் வைத்து, ஓரடிச் சதுரம் தைத்துப் பாருங்கள்.

கேள்வி: சூட்டில் மறையும் பேனையால் கட்டம் கீறலாமா? ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு அனுப்பத் தைக்கிறேன். (மானிப்பாய்)

பதில்: வேண்டவே வேண்டாம். மினுக்கும்போது மறைந்த மை, கடுங்குளிரில் திரும்பவும் தெரியும். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை போதும். தை, மாசியில் ரொறன்ரோவுக்கு அது சாதாரணம். தையல் வெண்கட்டியால் கீறுங்கள். அதையும் வெட்டுத் துண்டில் கீறி, தோய்த்துப் பார்த்த பிறகு.