சுவரை உதைத்ததும் மேலே வந்துவிடும் பையனுக்கு

வணக்கம் சார். நீச்சலில் பையன் குளத்துச் சுவரை உதைத்துக் கிளம்பி நாலு மீட்டரிலேயே நீருக்கு மேலே வந்துவிடுகிறான், கால் பலம் பெற ஏற்காடு அடிவாரத்தில் ஓடவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடட்டும், நல்லதுதான். ஆனால் கோளாறு பெரும்பாலும் தலையில் இருக்கும். முன்னால் பார்க்க முகத்தைத் தூக்கினால் உடம்பு மேல்நோக்கித் திரும்பிவிடும், இடுப்பும் தொய்யும். பார்வை நேர்கீழே, குளத்தின் தரையில் இருக்க வேண்டும். கைகளைத் தலைக்கு முன்னால் நீட்டி, ஒரு கைமேல் இன்னொரு கை, மேல்கையின் கட்டைவிரல் கீழ்க்கையைப் பூட்ட வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. அரை மீட்டர் ஆழத்தில் சுவரை உதைக்கட்டும். நீர்ப்பரப்பை ஒட்டிப் போனால் அவன் எழுப்பும் அலையே அவனை இழுத்துப் பிடிக்கும். வேகம் தளரும் முன்பே டால்பின் கிக், அதாவது இரண்டு காலையும் சேர்த்து அலைபோல் அடிக்கும் உதை, தொடங்க வேண்டும். ஃப்ரீஸ்டைலில் 15 மீட்டருக்குள் தலை வெளியே வர வேண்டும் என்ற போட்டி விதியைப் பற்றிய கவலை அப்புறம்தான். அப்புறம், மூச்சடக்கும் பயிற்சிக்குத் தனியாக மட்டும் விடாதீர்கள்.